மாப்பிள்ளை வண்டி

டிப்போவில் அவருக்குப் பஞ்சு என்று பேர். பேரை வைத்து ஆளை எடை போட வேண்டாம். கதவு மாதிரி முதுகு, இரண்டு ஆள் கனம். அவர் வண்டி ஓட்டுகிற தினுசுக்கு வைத்த பேர் அது. டீ டம்ளரை விளிம்பு வரை ஊற்றி எஞ்சின் மூடி மேல் வைத்துவிட்டு மேம்பாலம் ஏறி இறங்கி, சந்தை முனையில் திரும்பி, கடைசி நிறுத்தம் போய்ச் சேருவார். ஒரு சொட்டு சிந்தாது. உள்ளே நிற்கிறவனுக்குப் பிரேக் போட்டதே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மரம் நகராமல் நிற்பதைப் பார்த்துத்தான் இறங்குவான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருந்ததெல்லாம் உண்டு.

அவர் வண்டியின் கண்டக்டருக்கு விசில் என்று பேர். வாயில் விசில் இல்லாத நேரமெல்லாம் பேச்சு இருக்கும். இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக ஒரே வண்டி, ஒரே ஷிஃப்ட் என்று ஓடியதில் ஒருவருக்கொருவர் மச்சான் ஆகிவிட்டார்கள். பஞ்சுவின் மனைவியை விசில் தங்கச்சி என்பான். அந்த அம்மாவும் சொந்த அண்ணனிடம் கேட்க யோசிப்பதையெல்லாம் அவனிடம் கேட்கும்.

அது ஒரு சம்பள நாள் சாயங்காலம். கூட்டம் அதிகம், கண்டக்டர் பையும் கனம். கடைசி நிறுத்தம் நெருங்கும்போது பஸ் முக்கால்வாசி காலி. பின்வாசலில் ஏறிய இரண்டு பேரில் ஒருவன் இரும்புக் குழாயால் விசிலின் பின்மண்டையில் போட்டுப் பையைப் பறித்தான். இன்னொருவன் நேராக முன்னால் வந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் முழங்காலை ஊன்றினான். தோளில் கிடந்த துண்டைப் பஞ்சுவின் கழுத்தில் சுற்றி இழுத்தான்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். யாராக இருந்தாலும் இரண்டு கையும் கழுத்துக்குத்தான் போகும். பஞ்சு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, நாக்கு வெளியே வந்தது. கால் மட்டும் பழக்கத்தில் கிளட்சையும் பிரேக்கையும் தேடிப் பிடித்தது. ஓரங்கட்டி நிறுத்தினார். அப்போதும் பஞ்சு மாதிரிதான் நின்றது வண்டி. அந்த இரண்டு பேரும் பையோடு இறங்கி ஓடினார்கள். பிற்பாடு பிடிபட்டு உள்ளே போனார்கள். அவர்கள் கதை அதோடு முடிந்தது.

பஞ்சுவின் கதை முடியவில்லை. பாராட்டு விழா வைத்தார்கள். நாடாவில் கோத்த பதக்கத்தை ஒரு பெரிய அதிகாரி அவர் கழுத்தில் மாட்ட வந்தார். நாடா தோளைத் தொட்டதுதான் தாமதம், பஞ்சு அந்தக் கையைத் தட்டிவிட்ட தட்டில் பதக்கம் மேடையிலிருந்து உருண்டு முன்வரிசையில் விழுந்தது. அதிகாரி கையை உதறினார். விசில் தலையில் கட்டோடு எழுந்து, "சார், எங்க ஆளுக்கு ஓவர்டைம் பணத்தைக் கையில குடுத்துத்தான் பழக்கம், கழுத்துல யாரும் கட்டினதில்ல" என்றான். சிரித்துச் சமாளித்தார்கள்.

வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மனைவி பின்பக்கமாக வந்து குழம்பு ஊற்றினால் தட்டு பறக்கும். ஒருநாள் அந்த அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பல வருஷமாக உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, பிடிக்கிற மாதிரி தோளைப் பிடித்தது. தெருமுனை போவதற்குள் ஸ்கூட்டர் ஒரு பக்கம், அந்த அம்மா ஒரு பக்கம்.

"நான்தாங்க பிடிச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அதற்குப் பிறகு கடைக்குப் போனால் இருவரும் நடந்தே போனார்கள். ஸ்கூட்டர் வாசலில் தூசி பிடித்தது.

வேலைக்குப் போய்ப் பார்த்தார். சீட்டில் ஏறி உட்கார்வார். ஆட்கள் ஏற ஏற, உள்கண்ணாடியில் முகங்கள் நிறைய நிறைய, சட்டை தொப்பலாக நனையும், கை வெட வெடவென்று ஆடும். வண்டியை எடுக்காமலே இறங்கிவிடுவார். முதலில் லீவு கொடுத்தார்கள், அப்புறம் அரைச் சம்பள லீவு, அப்புறம் சம்பளமில்லாத லீவு. டிப்போ கேன்டீனில் பேச்சு கிளம்பிற்று.

"மண்டை உடைஞ்சவன் மறுவாரமே வந்துட்டான். கழுத்துல துணி பட்டவன் வீட்ல படுத்துக் கிடக்கான்."

"ரெண்டு வெள்ளை மாத்திரை போட்டா சரியாப் போயிடும். இவர் சீன் போடறார்."

விசில் அதைக் கேட்டுவிட்டு டீயை வைத்தான். "என் மண்டைக்குள்ள எதுவும் இல்லண்ணே, அதான் அடிச்சும் ஒண்ணும் ஆகல. உங்களுக்கும் பயமில்ல, தைரியமா அடி வாங்கலாம்" என்றான். கேன்டீன் சிரித்தது. அவன் சொன்னால் எதற்கும் சிரிக்கும்.

அவன்தான் அந்த ரூமைக் கண்டுபிடித்துச் சொன்னான். அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்பக்கம், முன்பு படுக்கைத் துணி அடுக்கி வைத்திருந்த இடம். கொள்ளை, வெட்டு, குத்து என்று அடிபட்டு உடம்பு தேறி மனசு தேறாதவர்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கி நடத்திய இடம் அது. நெடுக எழுதிய பலகை ஒன்று வாசலில் உண்டு. யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை. 'பின்பக்க ரூம்' என்றால்தான் தெரியும். காசு கிடையாது. இதே வைத்தியத்தை வெளியே பார்க்கப் போனால் டிரைவர் சம்பளம் டாக்டர் வாசல்படிக்கே காணாது.

அங்கே நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் வர முடியாது. கதவில் பெரிய கண்ணாடி பதித்திருந்தது. வருகிறவரை முன்கூட்டியே பார்த்துவிடலாம். அதை நடத்துகிற அம்மாளுக்குச் சும்மா மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் "சும்மா உட்காருங்க", "சும்மா சொல்லுங்க", "சொல்ல வேணாமா, சும்மா இருங்க" என்பார். என்ன நடந்தது என்று ஒரு தடவைகூட அவர் பஞ்சுவைக் கேட்டதில்லை. முதல் சில வாரம் பஞ்சு போய்ச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டு வந்தார். எதிர்ச்சுவரில் சங்கிலி அறுபட்ட ஒரு ஆசிரியை, கடைக்குள் வைத்து வெட்டப்பட்ட ஒரு மருந்துக்கடைக்காரர். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பேச்சு வந்தபோது பஞ்சு ஒன்றுதான் கேட்டார். "நான் திரும்ப பஸ் ஓட்டுவேனா மேடம்?"

"எதுக்கு ஓட்டணும்?"

"வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதே."

"சரி. அப்ப பஸ்லயே வைத்தியம் பார்ப்போம்."

மேடம் டிப்போ மேனேஜரிடம் பேசி ஒரு ஓரத்தில் நின்ற பழைய பஸ்ஸை இரவலாக வாங்கினார். எஞ்சினைப் போடாமல் பஞ்சுவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் மனைவியைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம். அடுத்த தடவை இரண்டு சீட் முன்னால், அப்புறம் இன்னும் இரண்டு. கை ஆடினால் நிறுத்திவிடுவார். ஆடாதபோது எஞ்சினைப் போடச் சொன்னார். மெக்கானிக்குகள் ஸ்பானரோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னம்மா, புருஷனும் பெண்டாட்டியும் ஓடாத பஸ்ஸுல எந்த ஊருக்குப் போறீங்க?"

"நீ வாய மூடற ஊருக்கு" என்றது அந்த அம்மா ஜன்னல் வழியாக.

ஒருநாள் அந்த அம்மா பஞ்சுவுக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, பஸ் டிப்போவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அன்று சாயங்காலம் பஞ்சு ஸ்கூட்டரைத் துடைத்தார். மனைவி பின்னால் ஏறி, தோளைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று கையை அந்தரத்தில் வைத்திருந்தது. "பிடிச்சுக்க" என்றார். தெரு தாண்டி, சந்தை தாண்டி, ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. சும்மாதான் போனார்கள்.

அதற்கப்புறம் விசில் உட்கார்ந்தான், மெக்கானிக்குகள் உட்கார்ந்தார்கள். தெரிந்த முகம் என்றால் பஞ்சுவுக்குப் பயம் விட்டுப் போயிற்று. மேடம் அதோடு விடவில்லை. "தெரிஞ்சவங்க உங்களுக்கு ஊன்றுகோல். ஊன்றுகோலோட நடக்கிறதை நடக்கிறதுன்னு நான் கணக்கு வைக்க மாட்டேன்" என்றார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்து காத்திருப்பவர்களில் ஒருவரைக் கேட்டுக் கூட்டி வருவார். முன்பின் தெரியாத ஆள். ஒரு ஆள் பின்னால் இருக்க ஓட்டினார் பஞ்சு, வேர்த்துக் கொட்டியது. அப்புறம் இரண்டு. அந்த மழைக்காலம் முடியும்போது மூன்று தெரியாத ஆட்களோடு டிப்போவுக்குள் சுற்றி வந்தார். மூன்றாவது ஆள் இடம் மாறி உட்கார்ந்தால் மட்டும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

"இன்னும் ரோட்டுக்குப் போகல. நேரம் எடுக்கும். எடுக்கட்டும்" என்றார் மேடம்.

நேரம்தான் இல்லாமல் போயிற்று. ரூமுக்குக் கொடுத்த பணம் அந்த வருஷத்தோடு தீர்ந்தது. மேற்கொண்டு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது, பலன் என்ன என்று நேரில் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். மேடம் ஒளிவுமறைவு இல்லாமல் காட்டுவது என்று முடிவு செய்திருந்தார். மூன்று அன்னியர்கள், டிப்போவுக்குள் சுற்று. பஞ்சுவின் கால் எங்கே பிரேக்குக்குப் போகிறதோ அதையும் காட்டுவார். "இவ்வளவு தூரம் வந்திருக்கு, மீதிக்குப் பணம் குடுங்கன்னு கேட்பேன்."

டிப்போவில் இதைக் கேட்டு எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அங்கே இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று ஒரு முறை உண்டு. மேலதிகாரி வருகிறார் என்று சேதி வந்தால் டயருக்குக் கறுப்பு அடிப்பார்கள். தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்து டிப்போவிலிருந்து இரவல் வாங்கி மாட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஷெட்டில் போர்வை போர்த்தி ஒரு பஸ் நிற்கும். சீட்டில் கிழிசல் இல்லை, கண்ணாடியில் கீறல் இல்லை, மாசத்தில் பாதி நாள் ரோட்டையே பார்க்காது. மாப்பிள்ளை வண்டி என்று பேர். எந்த அதிகாரி வந்தாலும் அதில்தான் ஏற்றுவார்கள். அவரும் ஏறி இறங்கி, "பராமரிப்பு நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார். மறுநாள் ஜனங்கள் பழையபடி கதவு இல்லாத பஸ்ஸில் தொங்குவார்கள். ஓட்டையைக் காட்டிப் பணம் கேட்கலாம் என்பது அந்த டிப்போவில் யாருக்கும் தோன்றியதே இல்லை. பளபளப்பைக் காட்டினால்தான் பிழைப்பு என்று தலைமுறையாகப் பழகிய இடம்.

மேனேஜர் விசிலைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். விசில் பஞ்சுவிடம் வந்தான்.

"மச்சான், அந்த மேடம் படிச்சவங்க, விவரம் பத்தாது. அதிகாரிங்ககிட்ட போய் 'இந்த ஆளு இன்னும் மூணு பேருக்கு மேல தாங்க மாட்டான்'னு காட்டினா, 'இவ்வளவு நாள் என்ன கிழிச்சீங்க'ன்னு ரூமை இழுத்து மூடிட்டுப் போயிடுவான்."

"என்ன செய்யச் சொல்ற?"

"வண்டி நிறைய ஆள் ஏத்தறோம். ரோட்டுல ஒரு ரவுண்டு போறோம். அதிகாரி அசந்து போகணும்."

"தெரியாத ஆளுங்கன்னா என்னால முடியாதுடா."

"தெரியாத ஆளை யார் ஏத்தப் போறா? எல்லாம் நம்ம ஆளுங்க. மெக்கானிக் பசங்க வீட்டம்மாங்க, லீவுல இருக்கிற டிரைவருங்க, கேன்டீன்காரர், என் மாமியார். என் மாமியாரை நீ பார்த்ததில்லையா? பயமா இருந்தா சொல்லு, அவங்கள மட்டும் விட்டுடறேன்."

பஞ்சு சிரித்துவிட்டார். சிரித்ததும் பாதி சம்மதம் ஆகிவிட்டது. மீதிப் பாதியை அவரே யோசித்து முடித்தார். ரூம் போய்விட்டால் அந்த ஆசிரியை எங்கே போகும்? தானே எங்கே போவது? ஒரு நாள் நடிப்பு. ரூம் பிழைத்தால் அப்புறம் உண்மையான வைத்தியத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

குழு வந்த அன்று மாப்பிள்ளை வண்டியின் போர்வையை எடுத்தார்கள். பஞ்சுவுக்குச் சவரம், தேய்த்த சட்டை, காலர் பொத்தான். வண்டி நிறைய ஆட்கள், கையில் பையும் குடையுமாக. மேடம் தன் மூன்று அன்னியர்களோடு வந்தார். பஸ்ஸைப் பார்த்தார். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"இவங்கல்லாம் யாரு?"

பஞ்சு ஸ்டியரிங்கைப் பார்த்தார். "பயணிங்க மேடம்."

"நிஜமா?"

"நிஜமா."

மேடம் தன்னுடன் வந்த மூன்று பேரையும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வண்டியில் ஏறினார். குழுத் தலைவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். அவரும் இன்னும் இரண்டு பேரும் இடது பக்க முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஞ்சுவின் ஓரக்கண்ணுக்குத் தெரிகிற இடம் அது, முதுகுப் பக்கம் இல்லை. விசில் ஊதினான். வண்டி கிளம்பிற்று.

ரோட்டுக்கு வந்ததும் பஞ்சுவுக்கே தன்னை நம்ப முடியவில்லை. கண்ணாடியில் அத்தனையும் தெரிந்த முகம். விசிலின் மாமியார் அவரைப் பார்த்து ஒரு தலையாட்டல் வேறு. மேம்பாலம் ஏறினார், இறங்கினார், சந்தை முனையில் திரும்பினார். டம்ளர் வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. திரும்பி வந்து நிறுத்தியபோது வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிரமாதம்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். "ஒரு வருஷம்கூட ஆகல. ஆள் முழுசா குணம். இது இவ்வளவு சீக்கிரம் நடக்கும்னா எதுக்குத் தனியா ஒரு மையம், தனியா ஆளுங்க? பொது வார்டுல டாக்டர் வாரம் ஒரு நாள் பார்த்தாப் போதுமே."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு பிரேக் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த மாசம் முடிவு வந்தது. ரூமுக்கான பணம் நின்றது. அந்தப் பணத்தில் பஸ்களுக்குக் கேமரா மாட்டப் போகிறார்கள், குற்றம் நடந்தபின் அழுவதைவிட நடக்காமல் தடுப்பது மேல் என்று அறிவித்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கழுத்தில் விழுந்த துண்டைக் கேமரா பார்த்திருக்கும், பிடித்திருக்காது என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது? அவருக்கும் கூடவே ஒரு உத்தரவு வந்திருந்தது. பூரண குணமடைந்துவிட்டபடியால் உடனே டூட்டியில் சேர வேண்டும். சேராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும்.

முதல் சில நாள் விசில் தன்னாலானதைச் செய்தான். லீவில் இருக்கிற ஒருவனையாவது கெஞ்சிக் கூட்டி வந்து டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார வைப்பான். மாமியார்கூட இரண்டு நாள் வந்தார். அவரவருக்கு அவரவர் பிழைப்பு இருக்கிறது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஒருநாள் காலையில் அந்த நேர் பின் சீட்டில் யாரோ ஒரு பெரியவர். ஒரு பாவமும் அறியாத மனிதர். வெயிலுக்கு முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். இறங்குகிற இடம் வருகிறது என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

வண்டி நின்றது. அப்போதும் பஞ்சு மாதிரிதான் நின்றது. மேம்பாலத்தின் நட்டநடுவில். பஞ்சு கை பிரேக்கை இழுத்தார், சாவியை எடுத்தார், இறங்கினார், முன்டயரில் முதுகைச் சாய்த்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன.

"குடிச்சிட்டு வந்திருக்கான்யா!"

"ஆபீசுக்கு லேட்டாச்சு, எவனாவது வந்து எடுங்கய்யா!"

விசில் ஓடி வந்து குந்தினான். "மச்சான், எழுந்திரு. கூட்டம் பார்க்குது."

"முடியலடா."

"பாலத்தை மட்டும் தாண்டிடு. நான் பின்னால நிக்கறேன்."

"நீயும் நிக்காதே" என்றார் பஞ்சு.

அதுதான் பெரிய அடி. அத்தனை மாசம் ஒவ்வொரு சீட்டாக முன்னேறி வந்ததெல்லாம் அந்தப் பாலத்தில் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிட்டது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே இல்லை. வீட்டில் மனைவி மறுபடியும் முன்பக்கமாகவே வந்து குழம்பு ஊற்றியது. ஸ்கூட்டரை விற்றுவிடலாம் என்று அதுவே சொல்லிற்று.

பஞ்சு வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடிப் போனார். அவர் அறையில் நாற்காலி நடுவில் கிடந்தது. பஞ்சு உட்காராமல் சுவரோரம் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. கடைசி வரை கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் காதுல வாங்கினதா வச்சா உங்க மேனேஜர், கண்டக்டர், எல்லார் மேலயும் நடவடிக்கை எடுத்தாகணும். எடுக்கவா?"

"ரூமைத் திறப்பீங்களா?"

"அந்தப் பணம் கேமராவுக்குப் போயிடுச்சு. இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷமும் சொல்றதுக்கில்ல."

"அப்ப எதுக்கு எடுக்கணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அவர்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிப் பின்பக்கம் போனார். பலகையைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே கால் உடைந்த கட்டில்கள் அடுக்கியிருந்தன. சும்மா மேடம் மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொரு ஊரில், காசு வாங்குகிற ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது.

"பொய் சொல்லிட்டேன் மேடம். அன்னிக்கு வந்தவங்க பயணிங்க இல்ல."

"தெரியும்."

பஞ்சு நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி கிளம்பித் திரும்பி வர வரைக்கும் ஒருத்தர்கூட டிக்கெட் வாங்கல. உங்க கண்டக்டர் பையைத் திறக்கவே இல்ல. குழுக்காரங்க பஸ்ல போய்ப் பழக்கமில்லாதவங்க, கவனிக்கல. நான் தினம் பஸ்ல வர்றவ."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருக்கணும்." அவர் நாற்காலியைச் சுவரோரமாகச் சரிசெய்தார். அந்த இடத்தில் இனி யாரும் உட்காரப் போவதில்லை. "நீங்க ஓட்டினதைப் பார்த்தேன். முகம் அப்படி இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல. அதுவும் இல்லாம எனக்கும் அந்தப் பணம் வேணும்னு இருந்துச்சு. ஒருவேளை இது பலிச்சிடும்னு நினைச்சுட்டேன். நீங்க என்ன நினைச்சீங்களோ அதையேதான்."

அந்த ஆசிரியை என்ன ஆயிற்று என்று பஞ்சு கேட்டார். ஒரு தடவை பொது வார்டுக்குப் போய், நெரிசலான வரிசையில் முன்னும் பின்னும் ஆள் நெருக்கியதில் நிற்க முடியாமல் திரும்பிவிட்டது என்றார் மேடம். மருந்துக்கடைக்காரர் அதுவும் போகவில்லை.

வேலையை விட்டு நீக்காமல் மேனேஜர் ஒரு வழி பண்ணினார். அந்த அளவுக்கு அவருக்கும் உறுத்தல் இருந்திருக்கும். பஞ்சுவைக் கழுவு ஷெட்டில் போட்டார். தண்ணீர் அடித்துக் கழுவிய பஸ்களை அங்கிருந்து எடுத்து வரிசையில் நிறுத்த வேண்டும். காலி பஸ், ஆள் கிடையாது. சம்பளம் குறைவு. ஓட்டுகிற தூரம் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. பஞ்சு என்ற பேர் மெல்ல மறந்து, புதுசாக வந்த பையன்கள் 'கழுவு டிரைவர்' என்றார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஒரு மதியம் ஷிஃப்ட் முடிந்து விசில் ஷெட்டுக்கு வந்தான். வெயில் கொளுத்திற்று. கழுவி முடித்த பஸ் ஈரத்தோடு நின்றது. அது பழைய வண்டி, இருவரும் ஓட்டியது. "என்னையும் அந்த மூலையில விட்டுடு மச்சான், கால் கடுக்குது" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஏறினான். கடைசி நீள சீட்டில், பின்கண்ணாடியில் முதுகை அழுத்தி உட்கார்ந்தான்.

பஞ்சு எஞ்சினைப் போட்டார். உள்கண்ணாடியில் தூரத்தில் ஒரே ஒரு தலை. கியருக்குப் போன கையை எடுத்துக்கொண்டார்.

"டேய், முன்னால வா. இடது பக்க சீட்டுக்கு வா. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி உட்காரு."

விசில் பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வாடா. நீ அங்க இருந்தா என்னால எடுக்க முடியாது."

"என்னால அங்க வர முடியாது மச்சான்" என்றான் விசில். குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. "முதுகுக்குப் பின்னால இடம் இருந்தா எனக்கு மண்டைக்குள்ள குழாய் விழற சத்தம் கேக்குது. அன்னிலேருந்து நான் இந்தக் கண்ணாடியில சாய்ஞ்சுதான் டிக்கெட் கிழிக்கிறேன். 'முன்னால இருந்து காசைக் கை மாத்தி அனுப்புங்க'ன்னு கத்தறேனே, சோம்பேறித்தனம்னு நினைச்சியா? வீட்ல உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்கறேன், சுவர்ல சாய்ஞ்சு."

பஞ்சு சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். "சிரிச்சுக்கிட்டே இருந்தியேடா. ரூமை எனக்குக் காட்டினவனே நீதானே. நீயும் வந்திருக்கலாமே."

"ஒரு வண்டிக்கு ஒருத்தர் போதும்னு நினைச்சேன். நீ முதல்ல தேறி வா, அப்புறம் நான் போலாம்னு இருந்தேன்." விசில் வெளியே பார்த்தான். "ரூம் அங்கேயேதானே இருக்கப் போகுதுன்னு நினைச்சேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் இவன். நடுவில் ஈரமான காலி சீட்டுகள். பின்னால் கழுவக் காத்திருந்த அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"என்னய்யா பண்றீங்க உள்ள? வண்டிய எடுங்கய்யா!"

விசில் எழுந்தான். சீட்டு முதுகுகளைப் பிடித்து, பக்கவாட்டில் நகர்ந்து, பின்வாசல் வழியாக இறங்கினான். இறங்கி நின்று, பழக்கதோஷத்தில் இரண்டு தரம் ஊதினான், வண்டி போகலாம் என்று.

பஞ்சு உள்கண்ணாடியைப் பார்த்தார். யாருமில்லை. வண்டியை எடுத்தார். மைதானத்தைக் கடந்து மறு மூலைக்குப் போய், ஒரு குலுக்கலும் இல்லாமல், பஞ்சு மாதிரி நிறுத்தினார். விசில் பின்னாலேயே வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தான். நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.